பன்னிரண்டு அணிகளும் அட்டவணை அக்காவும்

ஹேண்ட்பால் சங்கத்தின் செயலாளர் என்று யாராவது அக்காவை அறிமுகப்படுத்தினால், எதிரில் இருப்பவர் தவறாமல் கேட்பார்: "கைப்பந்துதானே?"

"இல்லைங்க, அது வாலிபால்."

"அப்போ எறிபந்தா?"

"அதுவும் இல்லைங்க. டீமுக்கு ஏழு பேரு, ரெண்டு பக்கமும் கோல் இருக்கும், கையால எறிஞ்சு கோல் போடணும்."

இதற்குள் கேட்டவரின் கண் வேறெங்கோ போயிருக்கும். இருபத்திரண்டு வருஷம் இந்தப் பேச்சைப் பேசி அலுத்துப்போன அக்கா, பிற்பாடெல்லாம் "ஆமாங்க, கைப்பந்துதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

எங்கள் பெண்கள் லீக்கில் யார் யாரோடு, எந்த ஞாயிற்றுக்கிழமை, எந்த அரங்கில், எத்தனை மணிக்கு ஆட வேண்டும் என்று எழுதுகிறவர் அவர். அதனால் அட்டவணை அக்கா. வாரநாட்களிலும் அவருக்குக் கிட்டத்தட்ட அதே பிழைப்புதான். பேருந்துப் பணிமனையில் டியூட்டி போடும் எழுத்தர். எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி, எந்த நடத்துநருக்கு எந்த ஷிப்ட் என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். காலை எட்டு மணிக்கே அவருடைய ஜன்னலில் கூட்டம் நிற்கும். ஒருத்தருக்கு மாமனாரின் கண் ஆபரேஷன், ஒருத்தருக்கு முதுகுவலி, இன்னொருத்தருக்கு அந்த நடத்துநரோடு ஒரே வண்டியில் போகவே பிடிக்காது.

"உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன கல்யாணமா பண்ணி வெக்கப்போறேன்? எட்டு மணி நேரம் போயிட்டு வாங்கய்யா" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

ஒரு காலத்தில் அக்கா கோல்கீப்பர். இடது கையில் இரண்டு விரல்கள் உடைந்து, கோணலாகச் சேர்ந்தவை. பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த அவருடைய தங்கச்சியும் அவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் பால்பண்ணை அணி. பால்பண்ணைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தளத்தில் ஆட ஆரம்பித்ததால் அந்தப் பெயர். விரல் உடைந்த பிறகு அக்கா சங்க வேலைக்கு வந்தார். தங்கச்சி அணியைப் பார்த்துக்கொண்டாள், ஆட்டக்காரியாகப் பத்து வருஷம், பிறகு கோச்சாக.

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நான் அந்த லீக்கின் நான்கு நடுவர்களில் ஒருவன். ஐந்தாவதாக ஒருவர் கிடைக்கவே இல்லை.

ஆரம்பம் ஒரு மழைக்கால ஞாயிறு. துறைமுக அணிக்கும் நூற்பாலை அணிக்கும் ஆட்டம். துறைமுகம் பெரிய அணி. பதினாறு பேர், இரண்டு கோச்சுகள், எல்லாருக்கும் ஒரே மாதிரி பை. நூற்பாலை அணியில் எல்லாரும் ஷிப்டில் வேலை பார்க்கிற பெண்கள். அன்று ஆறு பேர்தான் வந்தார்கள், அதில் ஒருத்திக்குக் காய்ச்சல். ஆட்டம் 47–3 என்று முடிந்தது. கடைசி இருபது நிமிஷம் விசில் ஊதவே எனக்கு வெட்கமாக இருந்தது.

முடிந்ததும் நூற்பாலையின் கோல்கீப்பர், முட்டியெல்லாம் சிவந்து, மேஜையில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, அடுத்த வாரம் நாங்க வரலைன்னா என்ன ஆகும்?"

"வாக்-ஓவர். எதிர் டீம் ஜெயிச்சதா எழுதுவோம்."

"எத்தனை கோல்னு எழுதுவீங்க?"

"பத்துக்குப் பூஜ்யம். அதான் விதி."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அப்போ இன்னைக்கு வராம இருந்திருந்தா முப்பத்தேழு கோல் மிச்சமாயிருக்கும்" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. கணக்காகத்தான் சொன்னாள்.

அக்கா ஆட்டத்தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "இவளுக்கு நாம என்ன குடுக்கிறோம்?" என்றார். அந்தப் பருவத்தில் மட்டும் வாக்-ஓவர்கள் இருபத்தாறு. பன்னிரண்டு அணிகள் ஒன்றோடொன்று இரண்டு தடவை மோத வேண்டும். அணிக்கு இருபத்திரண்டு ஆட்டம். எப்போதோ இருபது வருஷத்துக்கு முன்னால், எல்லாரும் ஒரே பலத்தில் இருந்த காலத்தில் போட்ட முறை.

அக்காவின் கணவர் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து தருகிறவர். வீட்டின் முன்னறையில்தான் அவருடைய பட்டறை. மேஜை நிறைய மெழுகும் அச்சும் பல் வரிசைகளும். அன்று மாலை அக்கா அந்த மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து மொத்த லீக்கையும் கலைத்து எழுத ஆரம்பித்தார். இரண்டு பிரிவு, புது விதி, எல்லாமே புதிது. கணவர் எட்டிப் பார்த்துச் சொன்னாராம்: "எல்லாத்தையும் ஒரே நாள்ல புடுங்கிட்டு புது செட்டு வெச்சா வாய் ஏத்துக்காதும்மா. வலி தாங்காம கழட்டி டம்ளர்ல போட்டுடுவாங்க. ஒண்ணொண்ணா மாத்து."

"ஒண்ணொண்ணா மாத்தினா எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா?"

"நீ எங்க போகப்போறே?"

அது உண்மைதான். அக்கா எங்கேயும் போகப்போவதில்லை.

சங்கத்தின் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. நல்ல மனுஷர். எதைக் கொண்டுபோனாலும் "இருக்கட்டும், பாத்துக்கலாம்" என்பார். அதனால் நாங்கள் அவரை முதுகுக்குப் பின்னால் 'பாத்துக்கலாம்' என்றே சொல்வோம். பலத்தைப் பார்த்து லீக்கை இரண்டாகப் பிரிக்கலாம் என்று அக்கா முன்வைத்த முதல் மாற்றத்துக்கும் அவர் அதையே சொன்னார். துறைமுகத்து கோச்சுதான் எழுந்து எதிர்த்தார்.

"சின்ன டீம் பெரிய டீம்கிட்ட அடி வாங்கித்தான் வளரணும். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம்."

"நீங்க பத்து கோல்ல தோத்து வளர்ந்தீங்க சார். நாப்பத்தேழு வாங்கினவ வளர மாட்டா. வேற வேலையப் பார்க்கப் போயிடுவா" என்றார் அக்கா.

மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் அரைகுறையாக ஒரு சமரசம். முதல் சுற்றில் எல்லாரும் எல்லாரோடும் ஒரு முறை ஆடுவது. அதற்குப் பிறகு மேலே இருக்கும் ஆறும் தனி, கீழே இருக்கும் ஆறும் தனி. அக்கா கேட்டதில் பாதிதான் கிடைத்தது. கிடைத்தவரை லாபம் என்று வாங்கிக்கொண்டார்.

முதல் சுற்று முடிந்தபோது பால்பண்ணை ஏழாவது இடம். ஒரே ஒரு கோலில் ஆறாவது இடம் போய்விட்டது. தங்கச்சி அன்றைக்கே அக்கா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னை ரெண்டாம் பந்தியில உக்கார வெச்சுட்டேல்ல?"

"நான் எங்கடி உக்கார வெச்சேன்? புள்ளிதானே வெச்சுது."

"கோடு போட்டது நீதானே. ஏழாவதுக்குக் கீழ போட்டிருக்கக் கூடாதா?"

"பன்னிரண்டுல பாதி ஆறுதான். நீ கணக்கு டீச்சர்கிட்ட வேணா கேட்டுப் பாரு."

தங்கச்சி சிரிக்கவில்லை. ஆனால் கீழ் ஆறில் பால்பண்ணை நன்றாகவே ஆடியது. நூற்பாலையோடு ஆடிய ஆட்டம் 19–18. கடைசி நிமிஷம் வரை யார் கையில் என்று தெரியாது. தோற்ற நூற்பாலைப் பெண்கள் ஏதோ ஜெயித்தவர்கள் மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வாக்-ஓவர் இருபத்தாறிலிருந்து பதினொன்றுக்கு வந்தது.

அடுத்த வருஷம் இரண்டாவது மாற்றம். ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரிவின் ஆறு அணிகளையும் ஒரே அரங்குக்கு வரவழைத்து, ஒவ்வோர் அணிக்கும் இரண்டு குறுகிய ஆட்டம். இரண்டு ஞாயிறு அலைய வேண்டியவர்களுக்கு ஒரு ஞாயிறு போதும். நடுவர்களாகிய நாங்கள் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீடு போனோம். இதில் வந்த தகராறு யாரும் எதிர்பாராதது. ஹேண்ட்பாலில் பந்து வழுக்காமல் இருக்க விரலில் ஒரு பிசின் தடவிக்கொள்வார்கள். துறைமுகத்துப் பெண்கள் அது இல்லாமல் ஆட மாட்டார்கள். அரங்கத்தின் காவலாளியோ தரையில் பிசின் தெரிந்தால் விளக்கை அணைத்துவிடுவார்.

"இது என்ன தரையா, பலாப்பழமா? துடைச்சுத் துடைச்சு என் இடுப்பு போச்சு" என்று அக்காவிடம் சாவியைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டு வாரம் பேச்சுவார்த்தை. முடிவில், மேல் ஆறு பிசின் பூசலாம், ஆட்டம் முடிந்ததும் அவர்களே தரையைத் துடைக்க வேண்டும். கீழ் ஆறுக்குப் பிசின் கிடையாது. முதல் ஞாயிறு துறைமுகத்து கோச்சே துடைப்பத்தைப் பிடித்தார். காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுப் பார்த்தார். அக்கா அன்று வீட்டுக்குப் போய், சாப்பிடாமல், உடுத்திய புடவையோடு படுத்துவிட்டாராம். திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஜன்னலில் கூட்டம் நின்றது.

மூன்றாவது வருஷத்து மாற்றம்தான் அவரைக் கசக்கிவிட்டது.

பிரிவுகளை மாற்றினாலும் ஆள் கூடவில்லை. ஐந்தாறு அணிகளில் எட்டுப் பேர், ஒன்பது பேர். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்கு வேலை மாற்றல் என்றால் அணியே படுத்துவிடும். அக்கா ஒரு விதி எழுதினார்: பத்துப் பேருக்குக் குறைவாகப் பதிவு செய்யும் அணி, பக்கத்து அணி ஒன்றோடு சேர வேண்டும். சேரப் பிடிக்கவில்லையென்றால், அணிக்கு ஐந்து பேர் ஆடும் சிறிய ஆட்டப் பிரிவுக்குப் போகலாம். அதற்கும் ஆட்டங்கள் உண்டு, பட்டியல் உண்டு. எழுதும்போது அவர் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. பொதுக்குழு கை தூக்கியது. தங்கச்சியும் தூக்கினாள்.

முதலில் நூற்பாலை, ரயில்வே காலனி அணியோடு சேர்ந்தது. மஞ்சள் சட்டையை மடித்து வைத்துவிட்டு நீலச் சட்டை போட்டுக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பதிவு முடியும் நாள் வந்தது. பால்பண்ணையிலிருந்து வந்த தாளில் எட்டுப் பெயர்கள் இருந்தன.

தங்கச்சி இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"ரெண்டு பேரு படிக்கப் போயிருக்காங்க. அடுத்த வருஷம் வந்துடுவாங்க. அதுவரைக்கும் எட்டு பேரோட ஆடுறோம்."

"விதி பத்துடி."

"விதிய எழுதினது யாரு? எழுதின கை அழிச்சா அழியாதா?"

"அழியும். அதான் பயம்."

"அக்கா." தங்கச்சியின் குரல் இறங்கியது. "பக்கத்து நர்சிங் காலேஜ் டீமோட சேர்ந்தா பால்பண்ணைன்னு ஒரு டீம் இருந்ததே யாருக்கும் தெரியாது. என் புள்ளைங்கள்ல நாலு பேருக்கு அங்க இடமே கிடைக்காது. அஞ்சு பேர் ஆட்டத்துக்குப் போன்னு சொல்லுவே. பதினெட்டு வருஷம் நடத்தின டீமை அஞ்சு பேரா சுருக்கு, அப்படித்தானே? இதெல்லாம் உனக்குத் தோணலையா?"

"தோணாம இருக்குமா?"

தங்கச்சி எழுந்து போன பிறகு அக்கா தலைவருக்குப் போன் செய்தார். தலைவர், "நம்ம டீம்தானேம்மா, ஒரு வருஷம் விலக்கு குடுத்துடுங்க. யாரு கேக்கப்போறா, பாத்துக்கலாம்" என்றார். பணிமனையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா விலக்குக் கடிதத்தைத் தட்டச்சு செய்தார். 'இந்த ஒரு பருவத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி. கையெழுத்தும் போட்டுவிட்டார். இதை அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு பயிற்சி ஆட்டங்கள். கடிதம் பையில் இருந்தது. ரயில்வே காலனி ஆடிக்கொண்டிருந்தது. நூற்பாலையின் பழைய கோல்கீப்பர் நீலச் சட்டையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இறங்கலையா?"

"இங்க இன்னொரு கோல்கீப்பர் இருக்காக்கா. உயரமானவ. நான் ரெண்டாவது."

"கஷ்டமா இருக்கா?"

"முதல்ல இருந்துச்சு. நாங்கதான் முதல்ல சேர்ந்தோம், மத்தவங்க எல்லாரும் இப்படித்தானே சேரணும்னு சொல்லித்தான் எங்க பொண்ணுங்களைச் சம்மதிக்க வெச்சேன்." அவள் ஆட்டத்தைப் பார்த்தபடியே பேசினாள். "பத்தாம் நிமிஷத்துல இவ வெளிய வருவா. அப்புறம் நான் போவேன்."

அக்கா ஆட்டம் முடியும் வரை அங்கேயே இருந்தார். அவள் இறங்கி நான்கு பந்துகளைத் தடுத்தாள். அக்கா கடிதத்தைக் கொடுக்கவில்லை. மறுநாள் பால்பண்ணைக்குப் போன தாளில், நர்சிங் காலேஜோடு இணையவும் அல்லது ஐவர் பிரிவுக்கு மாறவும் என்று இருந்தது. கீழே அதே கையெழுத்து.

தங்கச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எட்டு ஆட்டக்காரிகளையும் நர்சிங் காலேஜ் அணியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பந்துப் பையை ஒப்படைத்துவிட்டு, கோச் வேலையிலிருந்து விலகினாள். அவள் பள்ளிக்குப் போகிற வழி அக்காவின் வீட்டைத் தாண்டித்தான். அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகச் சுற்றிப் போனாள். அரை மைல் கூடுதல். அக்காவின் கணவர்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தூது. "உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்ல", "உன் தங்கச்சி பொண்ணு பரீட்சை பாஸ்" என்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேதி கொண்டுபோவார். பல்லுக்கு அச்செடுப்பதைவிட இது கஷ்டமாக இருக்கிறது என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

இணைந்த அணியின் பெயர் முதலில் 'பால்பண்ணை – நர்சிங் காலேஜ்'. அறிவிப்புப் பலகையில் இடம் பத்தாது என்று யாரோ முதல் பாதியை விட்டுவிட்டு எழுதினார்கள். அக்கா இரண்டு தடவை திருத்தினார். மூன்றாவது தடவை திருத்த மனசு வரவில்லை.

அந்தப் பருவத்தில் ஒரு வாக்-ஓவர்கூட இல்லை. எங்கள் லீக்கின் வரலாற்றில் முதல் தடவை. மற்ற சின்ன அணிகள் எப்படியோ பத்துப் பேரைத் தேற்றிவிட்டதால், மேல் பிரிவில் ஐந்து, கீழ்ப் பிரிவில் ஐந்து என்று பத்து அணிகள் மிஞ்சின. ஐவர் பிரிவில் ஒன்றுகூட இல்லை. சேர்ந்தவர்கள் எல்லாரும் பெரிய ஆட்டத்துக்கே போனார்கள். துறைமுகம்தான் கோப்பையை வாங்கியது. எந்த விதி போட்டாலும் அது மாறப்போவதில்லை. பார்க்க வந்த கூட்டம் அதே முப்பது பேர், அதிலும் பாதி ஆட்டக்காரிகளின் அம்மாமார். பத்திரிகையில் நான்கு வரி வந்தது, 'மகளிர் கைப்பந்து' என்று தலைப்புப் போட்டு.

பொதுக்குழுவில் அக்கா ராஜினாமா கடிதம் கொடுத்தார். முழங்கால் தேய்ந்துவிட்டது, இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது, வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். தலைவர் அவருடைய சேவையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். பிறகு, "புதுச் செயலாளருக்கு யார் நிக்கிறீங்க?" என்று கேட்டார். துறைமுகத்து கோச் போனைப் பார்த்தார். நான் என் ஷூ லேஸைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து கடிதத்தைத் தலைவரின் மேஜையிலிருந்து தானே எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "அடுத்தது என்ன?" என்று கேட்டார். கூட்டம் தொடர்ந்தது.

தங்கச்சி வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. பதிவு நாள். அரங்கத்தின் ஓரத்தில் மேஜை போட்டு அக்கா தாள்களை வாங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். வரிசையில் தங்கச்சி நின்றாள். முறை வந்ததும் தாளை வைத்தாள். ஐவர் பிரிவு. அணியின் பெயர்: பால்பண்ணை. ஏழு பெயர்கள். நர்சிங் காலேஜில் இடம் கிடைக்காத நான்கு பேர், பள்ளியில் அவளோடு வேலை பார்க்கும் இரண்டு ஆசிரியைகள், கடைசியில் அவளுடைய சொந்தப் பெயர்.

அக்கா தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"நாப்பத்தொம்போது வயசுல ஆடப்போறியா?"

"வயசுக்கு விதி எழுதியிருக்கியா?"

"இல்ல."

"அப்போ முத்திரை குத்தச் சொல்லு."

நான் குத்தினேன். அவள் இரண்டடி போய்த் திரும்பி, "காலை ஒன்பது மணி ஆட்டம் வேண்டாம். டீச்சருங்க வீட்டு வேலைய முடிச்சுட்டு வரணும். பதினொண்ணு போடு" என்றாள். கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு அக்காவிடம் அவள் தானாகக் கேட்ட முதல் காரியம் அதுதான்.

"பத்தரை. அதுக்கு மேல முடியாது."

"சரி."

ஐவர் பிரிவுக்கு அந்த வருஷம் நான்கு அணிகள் சேர்ந்தன. பால்பண்ணையின் முதல் ஆட்டத்துக்கு நடுவர் நான். தங்கச்சி மூச்சு வாங்க வாங்க ஆடினாள். இரண்டு கோல் போட்டாள், ஒரு தடவை சுவரில் போய் இடித்துக்கொண்டாள். 14–11 என்று தோற்றார்கள். கடைசியில் நான் எதிரணிக்குக் கொடுத்த ஒரு பெனால்டி தப்பு என்று அவள் அங்கேயே நின்று எழுதி, புகாராக மேஜையில் வைத்தாள்.

அக்கா அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மூன்று பேரும் கோலுக்கு முன்னால் இருக்கும் கோட்டருகே நின்றோம். தடுத்தவள் கால் வைத்த இடத்தைத் தங்கச்சி காட்டினாள், நான் நின்ற இடத்தைக் காட்டினேன். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து கோட்டைப் பார்த்தார்.

"இங்கேருந்து உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? மறைச்சிருக்குமே" என்றார் என்னிடம். தப்பு என்னுடையது என்று எழுதினார். ஆட்ட முடிவு மாறாது என்றும் எழுதினார். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைத் தங்கச்சியிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார்.

"முடிவு மாறாதுன்னா இவ்வளவு நேரம் எதுக்கு நின்னோம்?" என்றாள் தங்கச்சி.

"புகார் குடுத்தியே, விசாரிக்க வேண்டாமா?"

தங்கச்சி தாளை மடித்துக்கொண்டு போனாள். அக்கா அடுத்த ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுத்து என் பெயருக்கு நேராக எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். தப்பு என்று எழுதிய அதே பேனாவால் மூன்று ஆட்டம் போட்டிருந்தார்.